நோட்டிஃபிகேஷன் வரும்முன் ஃபைல் தயாரா?

அரசு வேலைக்குக் காத்திருக்கும் வீடுகளில் படிப்பதில் யாரும் குறை வைப்பதில்லை. கோட்டை விடுவது பெரும்பாலும் சர்டிஃபிகேட்டில்தான். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் கடைசித் தேதி முந்திக்கொள்ளும்.

1. தபால் துறையின் கிராமின் டாக் சேவக் (ஜி.டி.எஸ்.) வேலைக்குத் தேர்வே கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை நான்கு தசம இடம் வரை சதவீதமாக்கி வரிசைப்படுத்துகிறார்கள். கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும், தமிழ்நாட்டு இடங்களுக்குப் பத்தாவது வரை தமிழ் படித்திருக்க வேண்டும். வயது 18 முதல் 40. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டும் எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. "எக்ஸாமில் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பணம் கேட்டு யாராவது வந்தால், எந்த எக்ஸாம் என்று கேளுங்கள்.

2. என்ன வேலை என்று தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள். ஜி.டி.எஸ். முழுநேர அரசுப் பணி அல்ல. தினம் நான்கைந்து மணி நேரம்தான். கிளை போஸ்ட் மாஸ்டருக்கு ரூ.12,000 – 29,380, உதவி போஸ்ட் மாஸ்டருக்கும் டாக் சேவக்குக்கும் ரூ.10,000 – 24,470 என்ற விகிதம், அதோடு பஞ்சப்படி. கிளை போஸ்ட் மாஸ்டரானால் அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், ஆபீஸ் நடத்த இடமும் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரே ஒரு கோட்டத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். எங்கோ இடம் நிறைய இருக்கிறதென்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கிடைத்தபின் கைக்குழந்தையோடு போக முடியாமல் விடுவதைவிட, போய் இருக்கக்கூடிய ஊர்களை மட்டும் வரிசையில் கொடுப்பது மேல்.

3. பெயர், இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா செல்வம்', கல்யாணத்துக்குப் பின் எடுத்த வங்கிப் புத்தகத்தில் 'கவிதா முருகன்' என்று மூன்று பேராக இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். படிவத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, புள்ளி உட்பட நிரப்புங்கள். ஆதாரை அதற்கேற்ப மாற்ற வேண்டுமானால் இப்போதே மாற்றுங்கள். பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசு வேலைக்குப் போதாது. ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக இ-சேவை மையம் வழியாக வாங்க வேண்டும். 'கிரீமி லேயர் இல்லை' என்பது அதில் இருக்க வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமலேயே பலர் பொதுப் பிரிவில் போட்டுவிடுகிறார்கள்.

5. பிரவுசிங் சென்டர்காரரின் போன் நம்பரையும் மெயிலையும் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி.யும் தேர்வான செய்தியும் அங்கேதான் போகும்.

6. ஜி.டி.எஸ். விண்ணப்பக் கட்டணம் ரூ.100. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், திருநங்கைகள் கட்ட வேண்டாம். வீட்டில் மகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்கும் சென்டர் இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

7. போஸ்டல் அசிஸ்டென்ட், சார்ட்டிங் அசிஸ்டென்ட் வேலைக்கு பிளஸ் டூ போதும் என்று பழைய வீடியோக்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் இவை எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வில் வந்துவிட்டன. எஸ்.எஸ்.சி. இணையதளமும் 2024-ல் மாறியது. புது தளத்தில் மறுபடி ஒருமுறைப் பதிவு செய்தாக வேண்டும்.

8. டி.என்.பி.எஸ்.சி. ஒருமுறைப் பதிவுக்கு ரூ.150, 5 ஆண்டு செல்லும். குரூப் 4-ல் தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்குச் சான்று வாங்க வேண்டும். மே மாதம் போனால் தலைமையாசிரியர் இருக்க மாட்டார்.

9. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகவே வகுப்பு எடுக்கிறார்கள். பலருக்கு இது தெரிவதில்லை.

10. இணைய முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு டைப் செய்யத் தொடங்குங்கள். நூலகத்தில் 'எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்' வார இதழையும் புரட்டுங்கள்.

11. ஜி.டி.எஸ். முதல் பட்டியலில் பெயர் இல்லையென்று பதிவு எண்ணைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சேராதவர்களின் இடத்துக்கு இரண்டாவது, மூன்றாவது என்று பட்டியல்கள் வந்துகொண்டே இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் குறிப்பிட்ட நாளுக்குள் ஒரிஜினலோடு போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அதனால் மெயிலை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள், ஸ்பாம் பெட்டி உட்பட.