இலாபம் இருக்கிறது, காசு எங்கே?

சென்ற விடுமுறையில் வாப்பா ஓர் ஆண்டறிக்கையை என் முன்னால் வைத்தார். கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் ஒரு கம்பனியின் அறிக்கை அது. வாப்பாவிடம் அதன் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன.

"மகள், இலாபம் மூன்று மடங்காகியிருக்கு. ஆனா எங்களுக்கு வந்த பங்குலாபம் குறைஞ்சிருக்கு. நீங்க கணக்கீடு படிக்கிறீங்கதானே, பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ராத்தாவின் படிப்புக்குச் சேர்த்திருந்த பணத்தையும் அதே பங்கில் போடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அதனால் எனக்குப் பரீட்சை வினாவை விட இது பயமாக இருந்தது.

விளங்குவதற்காக எண்களைச் சுருக்கித் தருகிறேன். முந்திய வருடம் வாடகை 42 மில்லியன், செலவு 24 மில்லியன். இவ்வருடம் வாடகை 40, செலவு 25. அதாவது வாடகையால் மிஞ்சியது 18இலிருந்து 15 ஆகக் குறைந்துவிட்டது. ஆனால் வரிக்கு முந்திய இலாபமோ 25இலிருந்து 75 ஆகியிருந்தது. இடையில் ஒரு வரி: 'முதலீட்டு ஆதனங்களின் நியாயப் பெறுமதி மாற்றம்'. முந்திய வருடம் 7, இவ்வருடம் 60.

வாடகைக்காகவோ விலையேற்றத்துக்காகவோ வைத்திருக்கும் காணி, கட்டடம்தான் முதலீட்டு ஆதனம். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 40இன்படி ஒரு கம்பனி அதை நியாயப் பெறுமதியில் காட்டத் தீர்மானித்தால், பெறுமதி கூடும் தொகை அவ்வருட இலாபத்திலேயே சேரும். கம்பனி தானே பாவிக்கும் கட்டடம் என்றால் நியமம் 16. அங்கே மீள்மதிப்பீட்டு மிகை பெரும்பாலும் ஏனைய முற்றடக்க வருமானத்துக்குப் போகும். இவ்விரண்டையும் நானும் பலமுறை குழப்பியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் காணி நல்ல விலைக்குப் போனால் எங்கள் காணியின் பெறுமதியும் கூடும். அது பொய்யல்ல. ஆனால் அதைக் காட்டிக் கடையில் அரிசி வாங்க முடியாது.

இந்தப் பெறுமதி எப்படிக் கணிக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வருடத்துக்கு 8 மில்லியன் தேறிய வாடகை தரும் கட்டடத்தை, 8 சதவீத விளைவு வீதத்தில் மதிப்பிட்டால் 100 மில்லியன். வீதத்தை 7 ஆக எடுத்தால் 114 மில்லியனுக்கும் மேல். வாடகை ஒரு ரூபாவும் கூடவில்லை. 14 மில்லியன் 'இலாபம்' பிறந்துவிட்டது! மதிப்பீட்டாளர் பாவித்த வீதத்தை நிதிக்கூற்றுகளின் குறிப்புகளில் காணலாம். சிறிய எழுத்தென்று நாம் புரட்டிவிடும் பக்கங்கள் அவை.

வாடகையிலும் காசல்லாத பகுதி ஒளிந்திருக்கலாம். 36 மாத ஒப்பந்தத்தில் முதல் 6 மாதம் இலவசம், மீதி 30 மாதமும் மாதம் 120,000 ரூபா என்று வையுங்கள். மொத்தம் 3,600,000. அதை 36 மாதங்களுக்கும் சமமாகப் பிரித்து மாதம் 100,000 வருமானமாகப் பதிவார்கள். முதல் 6 மாதத்தில் 600,000 ரூபா வருமானம் உண்டு, காசு இல்லை.

இதைக் கண்டுபிடிக்க இலகுவான இடம் காசுப்பாய்ச்சல் கூற்று. அது வரிக்கு முந்திய இலாபம் 75இல் தொடங்கியது. அதன் கீழே சீராக்கங்களில் அடைப்புக்குறிக்குள் (60) என்று இருந்தது. அடைப்புக்குறி என்றால் கழிக்க வேண்டும். மிச்சம் 15.

பங்குலாபம் இந்த 15ஐப் பார்த்துத்தான் வரும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, பகிர்வதற்கு முன் கடன்களை உரிய நேரத்தில் தீர்க்க முடியுமா என்றும் பணிப்பாளர்கள் பார்க்க வேண்டும். கடன்காரருக்குக் கட்டடத்தின் செங்கல்லைப் பெயர்த்துக் கொடுக்க முடியாதே.

வாப்பாவிடம் அந்த (60)ஐக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அப்ப கம்பனி ஏமாத்துதா?" என்று கேட்டார். இல்லை, எல்லாம் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது என்றேன். இருக்கும் பங்குகளை அப்படியே வைப்பதாகவும், ராத்தாவின் பணத்தை இப்போதைக்குத் தொடுவதில்லை என்றும் உம்மாவிடம் சொன்னார். அடுத்த அறிக்கையில் வாடகை மறுபடி 42ஐத் தொடுகிறதா என்று இருவரும் பார்க்கக் காத்திருக்கிறோம்.