சிறு வானவூர்திகளும் அவற்றின் இயல்பும்

ஓட்டுவாரின்றித் தானே செல்லும் வானவூர்தியொன்றைப் புறநானூறு பேசும். அது விண்ணுலகு புகுவார்க்கு உரியது. மண்ணவர் சமைத்த ஊர்திக்கோ ஓட்டுநன் கையும் காலும் இன்றியமையாதன. அன்றியும், இவ்வூர்திகள் யாவும் ஓரியல்பின அல்ல. ஒன்றிற் பழகியவன் மற்றொன்றையும் அவ்வாறே செலுத்தப் புகுவானாயின், உயிர்க்கே இடர் நேர்தல் கூடும். அதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பெங்களூரிற் பிறந்த மூன்று சிறு விமானங்களை எடுத்துக்கொள்வோம். 1951-ல் முதன்முதற் பறந்த எச்.டி.-2, உலோக உடலும், தாழ்ந்த இறக்கையும், ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த இரண்டு இருக்கைகளும் உடையது. 1958-ல் எழுந்த புஷ்பக், துணி போர்த்த உயர்ந்த இறக்கையும் 90 குதிரைத்திறனுள்ள எஞ்சினும் கொண்டது. இவ்விரண்டும் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆக்கம். 1993-ல் பறந்த ஹன்ஸா, தேசிய விமான ஆய்வுக்கூடத்தார் இழைக்கலவையால் இயற்றியது. முன்னிரண்டற்கும் சிறு சக்கரம் வாலில் உள்ளது. ஹன்ஸாவுக்கோ மூக்கின் கீழ் உள்ளது.

இச்சிறு வேறுபாடு விளைப்பது பெரிது. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மூட்டை ஏற்றிய வண்டியை நினைமின். மாடுகள் முன்னின்று இழுக்குங்கால் பாரம் நேரே தொடரும். அவ்வண்டியையே நுகத்தடியைப் பற்றிப் பின்னோக்கித் தள்ளினால், சிறிது கோணினும் அக்கோணல் மேன்மேலும் வளரும். வாற்சக்கர விமானத்தின் பாரமையம் பெருஞ்சக்கரங்களுக்குப் பின் உள்ளது. ஆதலின் தரையில் ஓடுங்கால் மூக்கு சற்றே விலகினும் பாரம் அதனை மேலும் சுழற்றும். ஓட்டுநன் உடனே காலாற் சுக்கானை மிதித்துத் திருத்தல் வேண்டும். மூக்குச்சக்கர விமானத்திற் பாரம் முன்னிற்றலின், அது தானே நேர்ப்படும். அதிற் பழகிய கால் சோம்பியிருக்கும். அச்சோம்பலே புஷ்பக்கில் ஆபத்தாகும்.

இனி, வேகத்தை நோக்குவோம். சுக்கான் முதலிய பலகைகளின் வலிமை காற்றின் விரைவைப் பொறுத்தது. வேகம் பாதியானால் அவ்வலிமை காற்பங்காய்க் குறையும். எனவே விரைந்து பறக்கும்போது விரலசைவுக்கு இணங்கிய விமானம், இறங்குங்கால் கையை நெடுக அசைத்தாலன்றி இணங்காது. கைப்பிடி தளர்வது, இறக்கை தாங்குந்திறன் இழக்கப்போவதற்கு ஓர் அறிகுறியுமாம்.

மூன்றாவது, பாரம் வைக்கும் இடம். வண்டியிற் பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுதல் நாம் அறிந்ததே. விமானத்திற் பின்பாரம் மிகுந்தால் சிறிதே இழுப்பினும் மூக்கு விருட்டென நிமிரும். தாங்குந்திறன் இழந்தபின் அதனைத் தாழ்த்தி மீட்டலும் அரிதாம்.

ஆதலின், தேர்ந்த ஓட்டுநனும் புதிய விமானத்தில் ஏறுமுன் அதன் பார அளவையும் வேக அளவையும் கற்கின்றான். ஆசிரியனுடன் உயரே சென்று, மெல்லப் பறந்தும், தாங்குந்திறன் இழக்கும் எல்லை வரை சென்று மீண்டும் அதன் குணத்தை அறிகின்றான். அதன் பின்னரே தனித்துத் தரையிறக்கத் துணிகின்றான். பழக்கம் நல்ல துணையே. ஆயினும் எவ்விமானத்திற் பெற்ற பழக்கம் என்பதை மறந்தவனுக்கு அதுவே பகையாகும்.