சமூகப் பணிப் பட்டப்படிப்பும் தெப்ராவ் தமிழரும்

மேற்கல்வி பற்றி நம் மாணவர்களைக் கேட்டால் மருத்துவம், பொறியியல், கணக்கியல், சட்டம் என்று விடைகள் வரிசையாக வரும். சமூகப் பணி என்ற சொல் காதில் விழுவது அரிது. யாராவது துணிந்து சொன்னாலும், "கோயிலில் அன்னதானம் போட ஒரு பட்டமா?" என்று வீட்டில் கேட்டுவிடுவார்கள். கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். தொண்டு செய்யப் பட்டம் வேண்டியதில்லை. சமூகப் பணிக்கு ஏன் வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இத்துறை ஒன்றும் நேற்று முளைத்தது அன்று. துன்பப்படுபவரின் நிலையை முறையாக ஆராய்ந்து அறிவது எப்படி என்று அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917இலேயே நூல் எழுதினார். 1936இல் பம்பாயில் டாட்டா குடும்பத்தின் அறக்கட்டளை ஒரு கல்விக்கூடத்தைத் தொடங்கியது. 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிக் கல்லூரியை நிறுவினார். நம் நாட்டில் 1975இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இப்படிப்பைத் தொடங்கியது. மலேசிய சரவாக் பல்கலைக்கழகமும் வட மலேசியப் பல்கலைக்கழகமும் தொண்ணூறுகளில் தொடர்ந்தன.

இனி தெப்ராவுக்கு வருவோம். இன்று அங்கே பேரங்காடிகளையும் அடுக்குமாடிகளையும் பார்ப்பவர்களுக்கு, இது ஒரு காலத்தில் பால் மரக்காடு என்பது நம்பக் கடினமாக இருக்கும். தெப்ராவ், மவுண்ட் ஆஸ்டின் இரண்டும் இரப்பர்த் தோட்டங்களின் பெயர்கள். தோட்ட வாழ்க்கையைச் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். கூலி குறைவு, அடிமைத்தனம் அதிகம். ஆயினும் அதற்குள் ஒரு பாதுகாப்பு வளையம் இருந்தது. வெட்டுக்குப் போகும் தாய் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடுவாள். காயம் பட்டால் தோட்டத்து மருந்தகம். சண்டை வந்தால் தண்டலோ தொழிற்சங்கத் தலைவரோ வருவார். லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தபோது, இந்த வளையம் கூடவே வரவில்லை. அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்தான் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். தெப்ராவில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடி. எழுபது வயதுப் பாட்டி, முன்னாள் பால் வெட்டுத் தொழிலாளி. நீரிழிவு, காலில் ஆறாத புண். மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். பத்து வயதுப் பேரன் பள்ளிக்கே போவதில்லை. பக்கத்து வீட்டார் ஓர் இயக்கத்துக்குச் சொல்கிறார்கள். இயக்கத்தினர் ஓர் அரிசி மூட்டை, எண்ணெய், மாவு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த மாதம் புண் இன்னும் பெரிதாகிறது. பையன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான்.

சமூகப் பணி படித்தவர் அரிசி மூட்டைக்கு முன்னால் கேள்விகளோடு போகிறார். பையன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை? சோம்பலா? இல்லை, அவனிடம் குடியுரிமைப் பத்திரம் இல்லை. ஏன் இல்லை? அவன் தாய் இந்தோனேசியர். கோயிலில் தாலி கட்டியதோடு திருமணம் முடிந்துவிட்டது, பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி பதிவு கட்டாயம். பதியாத உறவில் பிறந்த குழந்தை குடியுரிமையில் தாயின் நிலையையே பெறும். தந்தை மலேசியராக இருந்தும் பையன் மலேசியன் ஆகவில்லை. இனி அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு எந்தெந்த ஆவணங்கள், யார் யார் கையொப்பம் என்று ஒரு பட்டியல். பாட்டியின் காலுக்கு வேறு வழி. மவுண்ட் ஆஸ்டினிலேயே சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவச் சமூகப் பணிப் பிரிவின் துணையோடு சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யலாம். மாத உதவித்தொகைக்குச் சமூகநல இலாகாவின் மாவட்ட அலுவலகம். நான்காவது மாடியிலிருந்து பாட்டியை யார் இறக்குவது என்பதும் அவர் யோசிக்க வேண்டிய கேள்விதான்.

இதைத்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். மனித வளர்ச்சி, உளவியல், சமூகநலக் கொள்கை ஆகிய பாடங்களோடு சட்டமும் உண்டு: 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம், 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம். ஆபத்திலுள்ள குழந்தையைப் பாதுகாவலில் எடுத்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பதை நல்ல மனம் மட்டும் உள்ளவர் அறிந்திருக்க மாட்டார். குடும்ப வரைபடம் போடுவது, தனிநபர், குழு, சமூகம் என மூன்று நிலைகளில் பணியாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக இரகசியம் காப்பது ஆகியவையும் பாடங்களே. இரகசியம் என்பது நம்மவருக்குக் கொஞ்சம் கடினமான பாடம். தாமானில் ஒருவர் கதை மறுநாள் கோயில் வாசலில் பேசப்படும் என்ற பயத்தாலேயே பல பெண்கள் வாய் திறப்பதில்லை. தாலியான் காசேயின் 15999 எண் சுவரில் ஒட்டியிருந்தாலும் கை போவதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன பாட்டி, "வயிறு எரியுதுய்யா" என்கிறார். தமிழ் தெரியாத அதிகாரிக்கு யாரோ அதைச் சொல்லுக்குச் சொல் மலாயில் பெயர்த்தால், அறிக்கையில் 'கேஸ்திரிக்' என்று பதிவாகிவிடும். மருந்தும் அதற்கே கிடைக்கும். அவர் சொன்னதோ மருமகள் போன துயரம், பேரனின் கதி பற்றிய ஆதங்கம். "மனசே சரியில்ல" என்பதும் அப்படித்தான். அது மனநோய் அன்று. ஆனால் சில வேளை மனச்சோர்வின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். எது எப்போது என்று பிரித்தறிய, தமிழும் தெரிந்திருக்க வேண்டும், துறையும் படித்திருக்க வேண்டும். நம் மொழிக் கழகங்கள் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துவது சிறப்பே. இத்தகைய தமிழைக் காதால் கேட்டு எடைபோடத் தெரிந்த பட்டதாரிகளும் மொழிக்குச் சேவை செய்பவர்களே என்பது என் கருத்து.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். சமூகநல இலாகா, அரசு மருத்துவமனைகள், சிறைச்சாலை, முதியோர், சிறுவர் இல்லங்கள், அரசு சாரா அமைப்புகள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. சம்பளம் பொறியியலாளருக்கு நிகராக இராது; அதை மறைப்பதில் பயனில்லை. இன்னொரு குறையும் உண்டு. மலேசியச் சமூகப் பணியாளர் சங்கம் 1973இலேயே அமைந்துவிட்டது. இத்தொழிலைச் சட்டத்தால் நெறிப்படுத்தும் திட்டத்துக்கு அமைச்சரவை 2010இல் ஒப்புதல் அளித்த பிறகும் பல ஆண்டுகள் இழுபறியிலேயே கழிந்தன. அந்த இடைவெளியில் பயிற்சி இல்லாதவரும் தம்மைச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

விண்ணப்பிக்க எண்ணும் மாணவருக்கு ஒரு குறிப்பு. இப்படிப்பில் களப்பயிற்சி கட்டாயம். இடம் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால், பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே முடித்துவிடாமல் ஜொகூருக்கு வாருங்கள். நேர்காணலைத் தமிழில் கேட்டு, அறிக்கையை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியிருக்கும். பாட்டி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் ஒரு வரி எழுதி, அதன் கீழே விளக்கம் தர மேற்பார்வையாளரிடம் முதல் நாளே அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.