கரடி வாரம்: ஒரு வகுப்புக்கு ஒரு கரடி

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மருமகளுக்கு,

பொம்மைக் கரடியை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கதை, எண், ஓட்டம், படம், சாப்பாடு என்று ஐந்து நாள் விளையாட்டைக் கோப்பதைத்தான் மழலையர் பள்ளிகள் ‘டெடி பியர் வாரம்’ என்கின்றன. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். நாளுக்கொரு பொருளாக மாற்றிக்கொண்டே போனால் அந்த வயதில் எதுவும் மனத்தில் தங்காது. ஒன்றையே ஐந்து விதமாகத் தொட்டுப் பார்த்தால் தங்கும். 2022 அக்டோபரில் வெளிவந்த அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டையே கற்பிக்கும் வழியாகக் கொள்கிறது. ஆகவே பள்ளி தொடங்கப்போகும் மருமகள் கரடி வாரம் நடத்தலாமா வேண்டாமா என்பது கேள்வி அல்ல. எந்தக் கரடி, யாருடைய கரடி என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மென்பொம்மை பிள்ளைக்கு எதற்கு உதவுகிறது என்பதை இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1951இல் விளக்கினார். தாயை விட்டுச் சற்றே விலகத் தொடங்கும் பிள்ளை ஒரு துணியையோ பொம்மையையோ பற்றிக்கொள்கிறது. அது தாயும் அல்ல, முழுக்க அந்நியமும் அல்ல; இரண்டுக்கும் நடுவில் நின்று துணைசெய்கிறது. அதைக் கட்டிக்கொள்ளவும் கடிக்கவும் தரையில் இழுக்கவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும், அழுக்கானாலும் பெரியவர்கள் பொறுக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். தொடக்கூடாத பொம்மை இந்த வேலையைச் செய்யாது. வலியசாலை வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பாலித்தீன் உறைகூடக் கழற்றாமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்த, தம்மாமிலிருந்து வந்த கரடி அதற்கு உதாரணம். விருந்தாளிகள் பார்த்தார்கள், பிள்ளைகளும் பார்த்தார்கள். அதைத் தொட்டு அடிவாங்கியது யார் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், இங்கே எழுத வேண்டியதில்லை.

டெடி கரடியின் கதை தொடங்கியது 1902 நவம்பரில். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனபோது, அவருக்காக ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார்கள். கட்டிக்கிடக்கிற விலங்கைச் சுடுவது வேட்டை ஆகாது என்று அவர் மறுத்துவிட்டார். கிளிஃபர்ட் பெரிமன் அதை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வரைந்தார். புரூக்ளினில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம் தம்பதியர் துணியில் ஒரு கரடி தைத்து, ஜனாதிபதியின் செல்லப்பெயரான ‘டெடி’யைச் சூட்டிக் கடையில் வைத்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெர்மனியின் கீங்கன் ஊரில் ஸ்டைஃப் நிறுவனமும் கை கால் அசையும் கரடியைச் செய்தது. கட்டப்பட்ட அந்தக் கரடி பிறகு ரூஸ்வெல்டின் சொல்படியே கத்தியால் கொல்லப்பட்டது. ஏற்கெனவே காயம்பட்டுக் கிடந்ததால் வேதனையை முடிப்பதற்காக என்றார்கள். இந்தப் பின்பாதி ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். பிள்ளைகளுக்கு முன்பாதியே போதுமானது.

கரடி வாரத்துக்கென்று விற்கும் அச்சுத்தாள்களில் கரடி பனிக்குகையில் மாதக்கணக்கில் உறங்கும். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் நெய்யாறு, பேப்பாறைக் காடுகளில் இருக்கும் கரடி அப்படி உறங்குவதில்லை. ஆண்டு முழுக்க இரை தேடுகிறது. சிக்குப்பிடித்த கருமயிர், நெஞ்சில் வெளுத்த வளைவுக்கோடு, மண்ணைத் தோண்டும் நீண்ட நகம். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு இல்லாததால், அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கும். மற்ற கரடியினங்களில் இப்படி வழக்கமாகச் சுமப்பதைக் காண முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி ஏது? உறிஞ்சிக் காட்டலாம், முதுகில் ஏறலாம், கறுப்புத் தாளில் நெஞ்சுக்கோடு வரையலாம். நகரத்து மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போவதானால் திங்கட்கிழமை அங்கே விடுமுறை என்பதை முன்கூட்டியே கவனிக்க வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில் டிவி செய்தியும் கேட்கிறார்கள். 2023 ஏப்ரலில் வெள்ளநாட்டில் வீட்டுக் கிணற்றில் விழுந்த கரடி, மயக்க ஊசி போட்டபின் வெளியே எடுப்பதற்குள் தண்ணீரில் மூழ்கி இறந்தது. அதுபோல ஒன்றை ஒரு பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாமல், ‘ஆமாம், செத்துப்போச்சு, காப்பாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை’ என்று சொல்லி நிறுத்துவது நல்லது. கேட்காத பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பொம்மையைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பாதுகாப்பு. 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரை இருந்தாலும், ஒட்டிய பிளாஸ்டிக் கண்ணும் மூக்கும் பிய்ந்தால் வாய்க்குள்தான் போகும். நூலால் தைத்த கண் மேல். இரண்டாவது, ஈரம். ஜூனில் தொடங்கும் மழை போய், ஐப்பசி மழையும் வந்துபோகிற ஊரில், அடர்ந்த செயற்கை மயிர்ப் பொம்மை பூசணம் பிடிக்கும், தூசிப்பூச்சி சேரும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. துவைத்து வெயிலில் காயவைக்கக்கூடிய பருத்திக் கரடி, ஒரு பிள்ளை இரண்டு கையாலும் அணைக்கிற அளவில், வகுப்புக்கு ஒன்று இருந்தால் போதும். பழைய பாவாடைத் துணியும் இலவம்பஞ்சும் இருந்தால் தைத்துவிடலாம்.

நடவடிக்கைகளை ஐந்து நாளுக்கு இப்படிப் பிரிக்கலாம்.

முதல் நாள் அறிமுகம். கரடி துணிப்பைக்குள் இருக்கும். பிள்ளைகள் உள்ளே கையை விட்டுத் தடவி, என்னவென்று சொல்வார்கள். பிறகு பெயர் வைப்பு. வந்த பெயர்களில் மூன்றை எடுத்து, மூன்று சிரட்டை வைத்து, ஆளுக்கொரு கல்லைப் போடச் சொன்னால் எண்ணுவதும் ஒப்பிடுவதும் சேர்ந்தே நடக்கும். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசும் பிள்ளை, வேலைக்கு வந்த வங்காளிக் குடும்பத்துப் பிள்ளை, யாராக இருந்தாலும் கரடியிடம் தன் மொழியில் பேசட்டும்.

இரண்டாம் நாள் அளவும் இடமும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று கிண்ணம், மூன்று பாய், மூன்று துண்டு. கரடி நாற்காலிக்கு மேலே, கீழே, பின்னால், நடுவில். ஆசிரியர் சொல்லப் பிள்ளை வைக்கும். பிறகு பிள்ளை சொல்ல ஆசிரியர் வைப்பார். இந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பேச்சு வளர்வது அங்கேதான்.

மூன்றாம் நாள் உடம்பு. கரடி நடை, மரமேறும் பாவனை, முதுகில் குட்டி. கொல்லம் பக்கத்தில் ஓணத்தின்போது ஆடும் கரடிகளியைப் பற்றிச் சொல்லி, காய்ந்த வாழையிலையை இடுப்பில் கட்டி ஆடவிடலாம். வாடகைக்கு எடுக்கும் கரடி வேடத்தைவிட இது மலிவு, ஆடுவதும் பிள்ளைகளே. ஆளுயரக் கரடி திடீரென்று உள்ளே நுழைந்தால் மூன்று வயதுப் பிள்ளைகளில் சிலர் அலறுவார்கள். அதை எடுத்த வீடியோ பெற்றோருக்குச் சிரிப்பாக இருக்கலாம். அழுத பிள்ளைக்குச் சிரிப்பாக இராது.

நான்காம் நாள் கரடி ஆஸ்பத்திரி. ஐரோப்பாவில் மருத்துவ மாணவர்கள் இதைப் பல காலமாக நடத்துகிறார்கள். பிள்ளை பெற்றோராக நின்று தன் கரடிக்கு என்ன நோவு என்று சொல்ல, மாணவர் மருத்துவராகப் பரிசோதிப்பார். வெள்ளைக் கோட்டைப் பற்றிய பயம் குறைவதே நோக்கம். தேசிய அட்டவணைப்படி ஐந்து, ஆறு வயதில் டிபிடி ஊசி ஒன்று போட வேண்டியிருக்கிறது; அதற்கு முன் பிள்ளை கரடிக்கு ஊசி போட்டுப் பார்ப்பது நல்ல ஒத்திகை. ‘வலிக்காது’ என்று மட்டும் சொல்லக் கூடாது. கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போய்விடும் என்பதே உண்மை. இந்த நாளில் எந்தப் பிள்ளை பேசவே இல்லை, எது சொன்னதைப் புரிந்துகொள்ளவில்லை என்பது தெரிந்துவிடும். மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய திருவனந்தபுரம் மொழி மதிப்பீட்டு அளவுகோல், மூன்று வயது வரை ஒன்றும் மூன்று முதல் ஆறு வரை ஒன்றுமாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் பெற்றோரைப் பயமுறுத்தாமல் அங்கே அனுப்பலாம்.

ஐந்தாம் நாள் விருந்து. அவல், வெல்லம், பழம். முழு நிலக்கடலையும் முழு திராட்சையும் தொண்டையில் சிக்கும், வேண்டாம். தேன் ஒரு துளி போதும். ஒரு வயதுக்கு உட்பட்ட தம்பி தங்கை வந்திருந்தால் அவர்களுக்கு அதுவும் கூடாது.

வாரம் முடிந்ததும் கரடி ஒவ்வொரு ராத்திரியும் ஒரு வீட்டுக்குப் போகலாம். கூடவே ஒரு நோட்டு. பிள்ளை சொல்லும், பெரியவர் எழுதுவார். அந்த வீட்டில் உள்ளதைத்தான் கரடி சாப்பிட வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால், கரடியை லுலு மாலுக்குக் கூட்டிப்போய்ப் படம் போடுகிற போட்டி வராது. சனிக்கிழமை கரடிக்குக் குளியல்.

இனி, தவிர்க்க வேண்டியது. ‘ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு டெடி கொண்டு வரவும்’ என்ற அறிவிப்பு கேட்பதற்கு அழகாக இருக்கும். அன்று காலை வகுப்பில் ஒருவர் கையில் இடுப்புயரக் கரடி, ஒருவர் கையில் சாலைக் கடைத்தெருவில் முந்தின நாள் கடன் சொல்லி வாங்கியது, ஒருவர் கையில் ஒன்றுமில்லை. பரிசு வேறு வைத்தால் அது பிள்ளைகளுக்கு நடக்கும் போட்டியே அல்ல, பெற்றோரின் சம்பளத்துக்கு நடக்கும் போட்டி. விலையுள்ள கரடியைக் கொண்டு வந்த பிள்ளைக்கும் அதைப் பிறர் தொடாமல் காப்பதே வேலையாகிவிடும். வலியசாலை அலமாரி வகுப்பறைக்குள் வந்துவிட்டது என்றுதான் பொருள். தம்மாம் கரடி கடைசியில் கறையான் அரித்துப் போனது. பிள்ளைகள் யாரும் அதற்காக அழவில்லை.

பள்ளி தொடங்குகிறவர்முன் இப்போது இரண்டு வழி உண்டு. ஆடிட்டோரியம் எடுத்து, வேடக்காரரை அழைத்து, அச்சிட்ட தாள்களும் தலைக்குத் தொப்பியும் வாங்கி, ஒரே நாளில் படம் எடுத்து முடிப்பது ஒன்று. வகுப்புக்கு ஒரு பருத்திக் கரடியோடு வருஷம் முழுக்க நடப்பது மற்றொன்று. இரண்டையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். நகையை வைத்து வாங்கிய பணத்தில் பள்ளி தொடங்குகிறவர் முதல் வழியின் செலவைக் காகிதத்தில் ஒரு முறை கூட்டிப் பார்ப்பது நலம். பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பது படத்தைப் பார்த்து என்பது உண்மைதான். அடுத்த வருஷமும் அங்கேயே வைத்திருப்பது, சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளை என்ன சொல்கிறது என்பதைக் கேட்டு.

இத்தனையும் மருமகளுக்குத் தெரியாததல்ல. அழுகிற எந்தப் பிள்ளையும் அவள் மடியில் ஏறினால் அடங்கிவிடும் என்பது இந்தக் குடும்பத்தில் எல்லாரும் கண்டது. அந்தக் குணத்தை எந்தப் பயிற்சியும் தருவதில்லை. பள்ளி நன்றாக நடக்கும், அதில் அத்தைக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. பாவாடைத் துணி துவைத்து மடித்து வைத்திருக்கிறது, பஞ்சும் இருக்கிறது, சொல்லியனுப்பினால் எத்தனை கரடி வேண்டுமானாலும் தைத்துத் தரலாம். ஆடிட்டோரியம்தான் என்று முடிவானாலும் வருத்தமில்லை. அன்றைக்கும் அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுவாள். அண்ணனுக்கும் மயினிக்கும் விசாரிப்பு. மருமகளுக்கு ஆயிரம் முத்தம்.

இப்படிக்கு,
அத்தை