நிவாரண முகாமிலும் நிற்கக்கூடாத மருந்து

2004 டிசம்பர் 26 அன்று காலை சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஆழிப்பேரலைகள் தமிழகக் கரையை அடைந்தன. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த பழவேற்காட்டு மீனவக் குப்பங்களும் தப்பவில்லை.

இத்தகைய பேரிடரில் அரிசி, உடை, குடிநீர் ஆகியவை எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக வழங்கப்படும். ஆனால், நீங்கள் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து எது என்பதை நீங்கள் சொன்னாலன்றி நிவாரணப் பணியாளர் அறிய இயலாது. காயமின்றித் தப்பியவருக்கும் மருந்து தடைபட்டால் ஆபத்து நேரலாம்.

வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரக்கூடும். காசநோய் மருந்தை இடையில் விட்டால் கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர், உணவு குறைந்தாலும் இன்சுலினை முற்றிலும் நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேட்டு அளவை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லையெனில், நீர் புகாத உறையிலிட்டு, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் நிழலில் பாதுகாக்கலாம்.

புயல் எச்சரிக்கையின்போதும் வீட்டைவிட்டு வெளியேற நேரிடும். ஆகவே, மழைக்காலத்திற்கு முன்பே இரண்டு வார மருந்தையும் மருந்துச் சீட்டின் நகலையும் நீர் புகாத உறையில் குடும்ப அட்டையுடன் சேர்த்து வையுங்கள். மருந்து காலாவதியாகுமுன் எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் புதியதை வையுங்கள். முகாமை அடைந்த முதல் நாளே செவிலியரிடம் சீட்டைக் காட்டுங்கள். உங்கள் வீட்டு முதியவர் கேட்கத் தயங்கினால், அவருக்காக நீங்கள் கேளுங்கள். மருந்தும் நிவாரணமே.