காவலரைக் கட்டிப்போடும் கிருமி

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் பேச்சு தணிந்துவிடுகிறது. "ஒழுக்கமாக வாழ்ந்த பெண்ணுக்கு இது எப்படி வந்தது?" என்று கேட்பவர்களும் உண்டு. அநேகமாக எல்லா நேரங்களிலும் இதற்குக் காரணம் ஹெச்பிவி என்னும் வைரஸ். உறவின் வழியே பரவும் மிகச் சாதாரணமான கிருமி இது. கணவரிடமோ மனைவியிடமோ அறிகுறி எதுவும் காட்டாமல் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். அதை வைத்து யாருடைய நடத்தையையும் எடைபோட முடியாது. இத்தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சுர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் செல்களில் இரண்டு காவல் புரதங்கள் உள்ளன. ஆர்பி என்பது பிரேக். செல் வேண்டாத நேரத்தில் பெருகாமல் தடுக்கும். பி53 கண்காணிப்பாளர், செல் தாறுமாறானால் நிறுத்தும், சரிப்படாவிட்டால் அதை மடியச் செய்யும்.

வைரஸுக்குத் தன்னை நகலெடுக்கும் கருவிகள் போதிய அளவு கிடையாது. பெருகும் செல்லில்தான் அவை கிடைக்கும். எனவே ஈ7 என்ற தன் புரதத்தால் ஆர்பியைப் பிடித்துக்கொள்கிறது, பிரேக் விடுபடுகிறது. உடனே பி53 விழித்துக்கொள்ளுமே! அதற்குத்தான் ஈ6. பழைய புரதங்களுக்குக் 'கழிவு' என முத்திரையிட்டு அழிக்கும் ஏற்பாடு செல்லுக்குள் உண்டு. அந்த முத்திரையை பி53 மீது குத்த வைக்கிறது ஈ6. காவலரை வீட்டுக்காரரே குப்பையில் போடுவதுபோல! புற்றுநோயால் வைரஸுக்கு லாபம் எதுவும் இல்லை. கண்காணிப்பில்லாமல் பெருகும் செல்லில் பழுதுகள் சேர்ந்து நோயாகின்றன.

பெரும்பாலோரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் கிருமியை வென்றுவிடும். தங்கிவிட்டாலும், புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த அவகாசத்திற்குள் பரிசோதித்தால், மாறத் தொடங்கிய செல்களைக் கருப்பையை எடுக்காமலே பெரும்பாலும் நீக்கிவிடலாம். 30 வயதைக் கடந்த சகோதரிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை உண்டு. சில நிமிடங்களே ஆகும். பெண் மருத்துவரோ செவிலியரோ வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது சிறந்தது. பிள்ளைப்பேறு பாதிக்குமோ என்ற அச்சம் சில தாய்மார்களுக்கு உண்டு. பாதிக்காது. ஊசியில் இருப்பது வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. ஈ6, ஈ7 அதில் இல்லை. ஏற்கெனவே உள்ளே புகுந்த கிருமியை ஊசி விரட்டாது. எல்லா வகைகளையும் தடுப்பதும் இல்லை. ஆகவே ஊசி போட்ட மகளும் 30 வயதில் சோதனைக்குப் போகத்தான் வேண்டும்.