டாக்டர் அல்லாதவருக்கு இதய ஆராய்ச்சியில் என்ன வேலை?

கேள்வி: என் மகள் திருப்பதி எஸ்.வி. பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்திருக்கிறாள். இதய நோய் ஆராய்ச்சியில் பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறாள். டாக்டருக்குப் படிக்காதவளுக்கு அங்கே என்ன வேலை?
– ஒரு வாசகர், புத்தூர்

பதில்: தலைக்கு மேல் வேலை இருக்கிறது! 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ மாரடைப்பு ஆய்வு 52 நாடுகளில் நடந்தது. எத்தனை பேரைச் சேர்ப்பது, யாரோடு யாரை ஒப்பிடுவது என்பதெல்லாம் புள்ளியியல் கணக்கு.

உங்களுக்குப் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியலுக்குத் தனித் துறை உண்டு. 1969–73இல் சி.எம்.சி.க்காரர்கள் வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளை அளந்து குறித்துவைத்தார்கள். அவர்கள் முப்பதை நெருங்கியபோது தேடிப்பிடித்து, 2,218 பேருக்குச் சர்க்கரை பார்த்தார்கள். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்களும் இறந்துபோனவர்களும் விடுபட்டால் முடிவு எந்தப் பக்கம் சாயும்? இந்தச் சந்தேகம் வர, வெறும் சூத்திரம் போதாது. வார்டிலும் உட்கார வேண்டும், கேஸ் ஷீட்டையும் புரட்ட வேண்டும்.

வழிகாட்டியாகப் புள்ளியியல் பேராசிரியர் ஒருவர், கூடவே இதய மருத்துவர் ஒருவர் கிடைத்தால் நல்லது. டாக்டர்கள் கேட்கும்போதெல்லாம் ‘பி வேல்யூ’ (முடிவு தற்செயலா என்று சோதிக்க உதவும் எண்) போட்டுக் கொடுக்கும் ஆளாக மட்டும் வைத்திருந்தால், அந்த இடம் வேண்டாம். கட்டுரையில் பெயர் வருமா என்பதையும் சேரும் முன்பே கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.